ஏழு வயதுப் பிள்ளையை மழைக்காட்டுக்கு அழைத்துப் போவது பொறுப்பில்லாத செயலா?

‘பொறுப்பில்லாத’ என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன். சொந்தத்தில் யாரோ உங்களிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேள்வி இந்த மாதிரி வந்திருக்காது. என்னிடமும் சொன்னார்கள். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. நான், அவள், என் அம்மா, மூன்று பேரும் மலேசியாவின் தாமான் நெகாரா காட்டுக்கு நான்கு நாள் போய் வந்தோம். பகாங், கிளந்தான், திரங்கானு என்று மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கும் காடு அது.

அழைத்துப் போங்கள். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சொந்தக்காரர்கள் சொல்லும் பயம் வேறு, அங்கே இருக்கிற ஆபத்து வேறு.

திரும்பி வந்ததும் எல்லோரும் கத்தியது அட்டைக்காக. மகளின் கணுக்காலில் இரத்தம் வழிகிற படத்தைக் குடும்பக் குழுவில் போட்டிருந்தேன், அது போதுமானதாக இருந்தது. உண்மையில் அட்டை கடித்தது அவளுக்குத் தெரியவே இல்லை. கடிக்கும் இடத்தை மரத்துப்போகச் செய்துவிட்டுத்தான் அது உறிஞ்சும். நூல் மாதிரி காலுறைக்குள் நுழைந்த அட்டை, நாங்கள் பார்த்தபோது விரல்நுனி அளவுக்கு உருண்டிருந்தது. அம்மா உப்பைத் தேடினார். வழிகாட்டி தடுத்துவிட்டார். உப்பு போட்டாலோ நெருப்பு வைத்தாலோ அட்டை வயிற்றில் இருப்பதைக் காயத்திலேயே கக்கிவிடுமாம். மெல்லிய முனை இருக்கிற பக்கம் நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்துத் தள்ளினார், வாய் கழன்றுகொண்டது. அதன் எச்சில் இரத்தத்தை உறையவிடாது, அதனால்தான் ரொம்ப நேரம் கசிந்துகொண்டிருந்தது. பார்க்கத்தான் பயங்கரம். மகள் அழவில்லை. “வயிறு நிறைஞ்சா அதுவே விழுந்துடுமா?” என்று கேட்டாள். விழுந்துவிடும்.

அவர்கள் யாருக்கும் நான் சொல்லாத ஒன்று உண்டு. இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன். இரண்டாம் நாள் காலை தலைக்கு மேலே ஒரு இருவாச்சி பறந்தது. அதன் சிறகுச் சத்தம் அவ்வளவு பெரியது, இரயில் மூச்சு விடுகிற மாதிரி. நான் கேமராவோடு அண்ணாந்து நின்றேன். மகள் அம்மாவோடு இருக்கிறாள் என்று நான் நினைத்தேன், என்னோடு இருக்கிறாள் என்று அம்மா நினைத்தார். திரும்பினால் பிள்ளை இல்லை.

பாதையை விட்டுப் பத்து அடி தள்ளினால் அந்தக் காட்டில் ஆள் தெரியாது. சில்வண்டு இரைச்சலில் நான் கத்தியது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஐந்து நிமிடம் இருக்கலாம். அப்புறம் ‘டொம்… டொம்…’ என்று ஒரு சத்தம். முந்தின நாள்தான் வழிகாட்டி அவளுக்கு ஒரு பெரிய மரத்தின் பலகை வேரைக் கட்டையால் தட்டிக் காட்டியிருந்தார். ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி நிற்கும் அந்த வேர்கள் மத்தளம் போல அதிரும், சத்தம் தூரம் போகும். “வழி தவறினா நடக்கவே கூடாது, நின்ன இடத்துல நின்னு தட்டணும்” என்று சொல்லியிருந்தார். அதையே செய்திருக்கிறாள். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீளமான ஒரு காட்டெறும்பின் பின்னால் போனாளாம். நான் போய்க் கட்டிக்கொண்டபோதும் கையில் இருந்த கட்டையை அவள் கீழே போடவில்லை.

இதைப் படித்துவிட்டு ‘அப்போ பொறுப்பில்லாதவள்தானே’ என்று எழுத வருகிறவர்களுக்கு: ஆமாம், அந்த ஐந்து நிமிடம் என் தவறுதான், யார்மேலும் போட மாட்டேன். ஆனால் கூட்டமான கடைத்தெருவிலும் பிள்ளைகள் தொலைகிறார்கள். அதற்காக யாரும் கடைத்தெருவே கூடாது என்று சொல்வதில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி “சார் வரலையா?” என்பதுதான். படிவத்தில் கணவர் கையெழுத்துக்கு ஒரு கட்டம். நான் தனியாக வளர்க்கிறேன் என்று விளக்கிய பிறகும், “வேற ஆம்பளைங்க யாராவது வர்றாங்களா?” என்று கேட்டார்கள். ஒரு அப்பா தன் பிள்ளையைக் காட்டுக்கு அழைத்துப் போனால் ‘தைரியமா வளர்க்கிறார்’ என்பார்கள். நான் போனால் பொறுப்பில்லை. அட்டைக்கடி ஒரு வாரத்தில் ஆறிவிட்டது, இது இன்னும் ஆறவில்லை.

சரி, உங்களுக்கு வருகிறேன். நீங்களும் அந்தப் பக்கம் போவதாக இருந்தால் நவம்பர் முதல் ஜனவரி வரை வேண்டாம், வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகிவிடும். கிளம்புவதற்குச் சில வாரம் முன்பே பிள்ளையின் மருத்துவரைப் பாருங்கள். தடுப்பூசி, மலேரியா மாத்திரை எல்லாம் அவர்தான் சொல்ல வேண்டும், என்னைப் போன்றவர்கள் இல்லை. டெங்குக் கொசு பகலில் கடிப்பது, அதனால் காலையிலேயே கொசு மருந்து தடவிவிடுங்கள். முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை பிள்ளை அளவில் கிடைப்பது சிரமம், முன்கூட்டியே தேடுங்கள். கழுத்தில் ஒரு விசில் கட்டாயம். மூன்று முறை ஊதிவிட்டு நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்குங்கள். அடுத்த பயணத்துக்கு முன் நாங்கள் ஒரு வாரம் தினமும் சாயங்காலம் அதைத்தான் செய்தோம், அம்மாவுக்கும் சேர்த்து.