கத்திரி வெயிலில் ஆர்ஓ தண்ணீர்த் தொட்டி: கேள்வி பதில்

கத்திரி தொடங்குவதற்கு முன்பே கேள்விகள் குவிந்துவிட்டன. சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு என்பதால் நம்மில் நிறையப் பேர் ஆர்ஓ தண்ணீரில்தான் மீன் வளர்க்கிறோம். அந்தத் தொட்டிகளுக்கு வெயில் காலத்தில் தனிக் கவனம் வேண்டும். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

வேளச்சேரியிலிருந்து: அண்ணா, என் 100 லிட்டர் தொட்டி மதியம் 33 டிகிரி காட்டுகிறது. கோல்ட்ஃபிஷ் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. ஐஸ் போடலாமா?

ஐஸை அப்புறம் பார்ப்போம். முதலில் ஏர் பம்பைப் போடுங்கள். மீன் மேலே வருவது மூச்சுக்காக. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்கும். 33 டிகிரியில் அது 7 மில்லிகிராமை ஒட்டி வந்துவிடும். சூடு ஏற ஏற மீனுக்கு ஆக்ஸிஜன் தேவையோ கூடிக்கொண்டே போகிறது. வரவு குறையும் நேரத்தில்தான் செலவு ஏறுகிறது. ஏர் ஸ்டோனைப் போட்டு, ஃபில்டர் வாயைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தூக்கி வையுங்கள். தண்ணீர் சலசலவென்று விழ வேண்டும். மூடியையும் எடுத்துவிடுங்கள்.

ஐஸுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 1 கிலோ ஐஸ் முழுக்க உருகி, தொட்டித் தண்ணீரின் சூட்டுக்கே வந்து சேர்ந்தாலும் 100 லிட்டரில் ஏறக்குறைய 1 டிகிரிதான் இறங்கும். ஐஸ் தீர்ந்ததும் சூடு திரும்ப ஏறும். இந்த ஏற்ற இறக்கம்தான் மீனைச் சோர வைக்கிறது. வேறு வழியே இல்லையென்றால் மூடிய பாட்டிலில் உறைய வைத்து மிதக்க விடுங்கள். ஒரு மணி நேரத்தில் 2 டிகிரிக்கு மேல் இறக்க வேண்டாம்.

மதுரையிலிருந்து: கிளிப் ஃபேன் வைத்தால் உண்மையிலேயே குளிருமா சார்?

குளிரும். உங்கள் ஊரில் எங்களைவிட நன்றாகவே குளிரும். 1 லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துச்செல்லும் வெப்பம், வெளியிலிருந்து புதிதாகச் சூடு வராத பட்சத்தில், 100 லிட்டரை ஐந்தரை டிகிரிக்கு மேல் குளிர வைக்கப் போதும். 1 கிலோ ஐஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காற்று மேற்பரப்பைச் சாய்வாகத் தடவிக்கொண்டு போகிற மாதிரி ஃபேனை வையுங்கள். நேர் மேலே வைத்துக் கீழே ஊதினால் அவ்வளவு பலன் இருக்காது.

சென்னையில் கடற்காற்று வரும் நாட்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாவது குறையும். இங்கே 2 டிகிரி இறங்கினாலே எனக்குத் திருப்தி. 32 டிகிரி 30 ஆனால் பெரும்பாலான மீன்கள் தாங்கிவிடும்.

பெரம்பூரிலிருந்து: ஃபேன் வைத்ததிலிருந்து தினமும் தண்ணீர் குறைகிறது. எதை ஊற்றி நிரப்புவது?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஆர்ஓ தொட்டிக்காரர்கள் கோடையில் தவறுவது இந்த இடத்தில்தான்.

ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும். அதிலிருந்த உப்பு எல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. குறைந்த இடத்தில் போர் தண்ணீரை ஊற்றினால் பழைய உப்போடு புது உப்பும் சேரும். ஒரு மே மாதம், என் 60 லிட்டர் தொட்டியில் தினமும் அரை விரற்கடை இறங்கியது. அவசரத்துக்குக் குழாயில் பிடித்த போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தேன். மூன்று வாரம் கழித்து, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்தால், 180ல் இருந்த தொட்டி 600ஐத் தாண்டியிருந்தது. கண்ணாடியின் மேல் விளிம்பில் விரலை வைத்தால் வெள்ளைப் பொரிப் பொரியாக ஒட்டியது. அந்தப் பொரி முதல் வாரத்திலேயே தெரிந்தது, நான்தான் கவனிக்கவில்லை. நியான் டெட்ரா மீன்களின் நீலக்கோடு மங்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஏழு போயின. வெயிலால் செத்தன என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே ஆவியானதை ஈடுகட்ட, எதுவும் கலக்காத ஆர்ஓ தண்ணீர். வாராவாரம் அழுக்குத் தண்ணீரை எடுத்துவிட்டு மாற்றுவதற்கு, தாது கலந்த ஆர்ஓ தண்ணீர். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, காலையில் அந்தக் கோடு வரை நிரப்பினால் போதும்.

அம்பத்தூரிலிருந்து: அப்படியானால் வாராந்திர மாற்றத்துக்கும் வெறும் கேன் தண்ணீர் ஊற்றினால் என்ன?

கூடாது. கேன் தண்ணீரிலும் ஆர்ஓ தண்ணீரிலும் தாதுக்கள் மிகக் குறைவு. பிஹெச்சை, அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையின் அளவை, தாங்கிப் பிடிக்கும் கார்பனேட்டும் அவற்றோடு போய்விட்டது. வெயிலில் கழிவு சீக்கிரம் மக்கி அமிலமாகும்போது பிஹெச் ஒரேயடியாகச் சரியும். கடையில் கிடைக்கும் தாது உப்பைக் கலக்கலாம். போர் தண்ணீரில் இரும்பு வாடை இல்லையென்றால் நான்கு பங்கு ஆர்ஓவுக்கு ஒரு பங்கு கலந்து, மீட்டரில் பார்த்துக்கொள்ளலாம். இறால் வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: வீட்டு ஆர்ஓ மெஷினில் செம்பு சேர்க்கும் பகுதி இருந்தால் அந்தத் தண்ணீர் இறாலுக்கு ஆகாது.

தாம்பரத்திலிருந்து ஒரு பத்தாம் வகுப்பு மாணவர்: ஆர்ஓ தண்ணீரை மண்பானையில் வைத்து ஊற்றினால் தொட்டி குளிருமா அண்ணா?

நல்ல யோசனை தம்பி. பானை குளிர்வதும் ஃபேன் வேலை செய்வதும் ஒரே விதத்தில்தான், ஆவியாவதால். ஆனால் 5 டிகிரி குறைவான தண்ணீரை 60 லிட்டர் தொட்டியில் 2 லிட்டர் ஊற்றினால் ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்குகூட இறங்காது. பானைத் தண்ணீரை நீ குடி, தொட்டிக்கு ஃபேனை வை.

கொளத்தூரிலிருந்து: டிஸ்கஸ் மீன் வைத்திருக்கிறேன். தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் மெஷின் வாங்கட்டுமா?

வேண்டாம். டிஸ்கஸ் 28 முதல் 30 டிகிரியில்தான் நன்றாக இருக்கும். காற்றோட்டத்தைக் கூட்டினால் போதும். சில்லர் தேவைப்படுவது 24க்கு மேல் போகக்கூடாத கிறிஸ்டல் ரெட் இறால் மாதிரியானவற்றுக்கு. வாங்கினால் அதன் சூடு வெளியேற ஜன்னல் ஓரமாக வையுங்கள். மூடிய சின்ன அறையில் வைத்தால் தொட்டியிலிருந்து எடுத்த சூட்டை அது அறைக்குள்ளேயே தள்ளும்.

மடிப்பாக்கத்திலிருந்து: ராத்திரி கரண்ட் போனால் என்ன செய்வது சார்?

பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு மக்கில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஒரு அடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஊற்றினாலும் உயிர் காக்கும். தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக இருக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் பல மணி நேரம் நின்றுபோயிருந்தால் கரண்ட் வந்ததும் அப்படியே போட்டுவிடாதீர்கள். உள்ளே தேங்கிய தண்ணீரில் ஆக்ஸிஜன் தீர்ந்து கெட்டிருக்கும். அதைக் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டு ஓட்டுங்கள்.

அன்று தீனியும் வேண்டாம். கோடை முழுக்கவே தீனியைக் குறைப்பது நல்லது. மிச்சம் அழுகினால் அம்மோனியா வரும், சூட்டில் அதன் விஷம் கூடுதல்.

ஆவடியிலிருந்து: தண்ணீர் மாற்ற எந்த நேரம் நல்லது?

விடிகாலை. மொட்டை மாடி சின்டெக்ஸிலிருந்து மதியம் வரும் தண்ணீரில் கையை வைத்தாலே சுடும். போர் தண்ணீர் கலப்பவர்கள் முந்தின இரவே பிடித்து, தொட்டி இருக்கும் அறையிலேயே வாளியில் வைத்துவிடுங்கள். காலையில் இரண்டிலும் தெர்மோமீட்டரை விட்டுப் பார்த்து, வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் இருந்தால் ஊற்றலாம்.