இன்சார்ஜ் ஆகும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

தக்கலையிலிருந்து துபாய் வந்து ஒன்றரை வருஷம் ஆன தம்பி கேட்டிருந்தீங்க: சைட் சூப்பர்வைசரா இருக்கேன், இன்சார்ஜ் ஆக்குறாங்க, மாசம் 800 திர்ஹாம் கூடும், மனைவியும் 5 வயசு மகளும் ஊர்ல இருக்காங்க, ஏத்துக்கலாமா?

ஏத்துக்கலாம் தம்பி. ஆனா அந்த 800ஐ முழுசா எண்ணிடாதீங்க. இப்போ பேசிக் (அலவன்ஸ் சேராத அடிப்படைச் சம்பளம்) 2,000 என்று வச்சுக்குவோம். ஓவர்டைமுக்கு பேசிக் மணிக்கூலியோட 25 சதவீதம் கூட்டித் தரணும் என்பது சட்டம். மணிக்கு 10 திர்ஹாம் சொச்சம் வரும். நாளுக்கு 2 மணி நேரம், மாசம் 26 நாள் பார்த்தா 530க்கு மேல. ஆனா இன்சார்ஜ்ங்கிறது முதலாளியோட அதிகாரத்தை வச்சு ஆட்களை நடத்துற மேல்பதவியா இருந்தா, அதுக்கு வேலைநேர வரம்பு கிடையாது. அதோட ஓவர்டைமும் போயிடும். மிஞ்சுறது 270 கூட இல்லை. அதுக்கு நீங்க கொடுக்கப் போறது தினமும் ராத்திரி நேரம்.

அதனால 800 எந்தத் தலைப்புல வருதுன்னு ஆஃபர் லெட்டர்ல பாருங்க. முழுக்க அலவன்ஸா வந்தா கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தர்ற பணிக்கொடை) ஒரு காசுகூட ஏறாது. முதல் 5 வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் பேசிக்தான் கணக்கு. அதுவும் கடைசியா வாங்கின பேசிக்கை வச்சு. பேசிக் 2,800 ஆனா, இதுவரை பார்த்த ஒன்றரை வருஷத்துக்கும் சேர்த்தே கூடும். பேரம் பேச வேண்டிய இடம் இதுதான்.

மகள் விஷயம் பணத்தை விடப் பெரிசு. ஊர் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால. சைட்டை முடிச்சு, ரிப்போர்ட் அனுப்பி, குளிச்சு 9 மணிக்கு போனை எடுத்தா அங்க பத்தரை. பிள்ளை தூங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பேசிக்கலாம்னு விட்டா, கொஞ்ச மாசத்துல பிள்ளை போனுக்கே வராது. இது கோபமில்லை, பழக்கம் விட்டுப் போறதுதான். காலையில 6 மணியை ஒதுக்குங்க. ஊர்ல ஏழரை, ஸ்கூலுக்குத் தலை பின்னுற நேரம். பத்து நிமிஷம் போட்டிம் ஆப்ல வீடியோ கால் பேசினாப் போதும், ஆனா தினமும் வேணும்.

சம்பளம் கூடினதை ஊர்ல உடனே சொல்ல வேண்டாம். மனைவிக்கு மட்டும் தெரிஞ்சா போதும். இல்லன்னா கட்டுற வீட்டுல ஒரு மாடி ஏறும், சீட்டு ஒண்ணு கூடும். அப்புறம் உடம்புக்கு முடியலன்னாலும் அந்த வேலையை விட முடியாது. ஆறு மாசம் அனுப்புற தொகையை மாத்தாம, கூடுறதைத் தனியா போட்டு வைங்க.

கடைசியா லீவு. வருஷத்துக்கு 30 நாள் உண்டு, தேதியை வேலைக்கு ஏத்தபடி கம்பெனி முடிவு பண்ணலாம். இன்சார்ஜுக்குப் பதில் ஆள் இல்லன்னு மே மாச லீவு டிசம்பருக்குத் தள்ளிப் போறது இப்படித்தான். கையெழுத்துப் போடும் முன்னாடி உங்க ரிலீவர், அதாவது லீவுல உங்க வேலையைப் பார்க்கிற ஆள், யாருன்னு மெயில்ல எழுதி வாங்குங்க. அந்த ஆளுக்கு டிராயிங், சப்ளையர் நம்பர், மேன்பவர் லிஸ்ட் எல்லாம் மாசாமாசம் காட்டி வைங்க. திருவனந்தபுரம் டிக்கெட்டை அதுக்கப்புறம் போடுங்க.