பாரோல சப்மரீன் வேலைன்னு லோன் போடறதுக்கு முன்னாடி

அண்ணே வணக்கம், மெசேஜ் பாத்தேன். தம்பி மெக்கானிக்கல் முடிச்சிட்டு லோன் போட்டு இங்கிலாந்துக்கு மாஸ்டர்ஸ் படிக்க போறான், பாரோ-இன்-ஃபர்னஸ்ல சப்மரீன் கட்டுற யார்டுல ஆள் எடுத்துட்டே இருக்காங்கன்னு ஏஜென்ட் சொல்லிட்டாருன்னு எழுதியிருந்தீங்க. ஆள் எடுக்கறது நிஜம்தான். பிஏஇ சிஸ்டம்ஸ்ங்கற பிரிட்டிஷ் ராணுவத் தளவாட கம்பெனியோட யார்டுல மட்டும் 10,000 பேருக்கு மேல வேலை பாக்கறாங்க, பிரிட்டிஷ் நேவிக்கான டிரெட்நாட் சப்மரீன் அங்கதான் ரெடியாகுது. நம்ம நேவில இருந்த விமானம் தாங்கிக் கப்பல் ஐஎன்எஸ் விராட்டும் அந்த ஊர்ல கட்டுனதுதான், 1953ல தண்ணில இறக்குனப்ப ஹெர்மீஸ்னு பேரு.

ஆனா இது அணுசக்தி சப்மரீன்ணே. செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது ஆளோட பின்னணிய விசாரிச்சு தர்ற அனுமதி, இல்லாம ஒண்ணும் நடக்காது, நிறைய போஸ்டுக்கு பிரிட்டிஷ் குடியுரிமையே கேப்பாங்க, நம்ம பாஸ்போர்ட்ட வெச்சிட்டு மாஸ்டர்ஸ்ல எவ்ளோ மார்க் வாங்கினாலும் அந்த கேட்ட தாண்டறது ரொம்ப கஷ்டம். இத ஏஜென்ட் ஏன் சொல்லலன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

சரி, யார்டு இல்லன்னா பக்கத்துல வேற கம்பெனி பாத்துக்கலாம்னு தம்பி சொல்லுவான். மேப்ப தொறந்து பாக்க சொல்லுங்க. முனைல இருக்கற ஊரு, முன்னால வால்னி தீவு, பின்னால லேக் டிஸ்ட்ரிக்ட் மலை, உள்ள போக ஏ590ன்னு ஒரே மெயின் ரோடு, கிட்டத்தட்ட முட்டுச்சந்துதான், மான்செஸ்டர் போகவே ட்ரெயின்ல 2 மணி நேரத்துக்கு மேல ஆகும். 1850ல பக்கத்துல பெரிய இரும்புத்தாது படிவம் கெடைச்சதாலதான் குக்கிராமமா இருந்தது டவுனாச்சு, ஸ்டீல் ஆலை வந்துச்சு, அப்புறம் கப்பல். ஸ்டீல் போயிடுச்சு. பனிப்போர் முடிஞ்சப்ப யார்டுலயே ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போச்சு, ஒரே முதலாளிய நம்பற ஊர்ல அப்படித்தான் ஆகும்.

கடலுக்குள்ள காத்தாலை இருக்கு, 2018ல தொறந்த வால்னி எக்ஸ்டென்ஷன் மட்டும் 659 மெகாவாட். அதுல இந்த ராணுவ ரகசிய கெடுபிடி இருக்காது, ஆனா கட்டி முடிச்சப்புறம் பராமரிப்புக்கு கொஞ்சம் பேர்தான் தேவை, விசாவுக்கு ஸ்பான்சர் பண்ற கம்பெனியும் கெடைக்கணும்.

தம்பிக்கு கப்பல்தான் ஆசையா, இல்ல இங்கிலாந்து ஆசையா? கப்பல்னா கேட் (GATE) பரீட்சை எழுதட்டும், ஐஐடி மெட்ராஸ்ல ஓஷன் இன்ஜினியரிங் டிபார்ட்மென்ட்டே இருக்கு. இங்கிலாந்துதான்னா இந்த ஒரு ஊர நம்பாம மெக்கானிக்கலுக்கு பல கம்பெனி இருக்கற ஊரா பாப்போம். அதுக்கு முன்னாடி, இந்திய பாஸ்போர்ட்டுக்கு எந்தெந்த போஸ்ட் தருவாங்கன்னு ஏஜென்ட்கிட்ட எழுத்துல கேளுங்க, பதில் வந்ததும் எனக்கு ஃபார்வேர்ட் பண்ணுங்க, அதுவரைக்கும் பேங்க் பக்கம் போகாதீங்க.