மெசியே 73: கொத்தா, தற்செயலா?

அன்புள்ள ஐயா,

போன மாதம் ஓசூரைத் தாண்டிப் போய், தம்பியின் டெலஸ்கோப்பில் கும்ப ராசிப் பக்கம் மெசியே 73-ஐப் பார்த்தோம். நாலே நாலு விண்மீன்கள், ஒட்டினாற்போல் நிற்கின்றன. இது ஒன்றாகப் பிறந்த மீன்களின் கொத்தே இல்லை, நிறமாலையை (ஒளியை நிறங்களாகப் பிரித்த பட்டையை) வைத்து முடிவு கட்டிவிட்டார்கள் என்கிறான் தம்பி. கையா விண்கலம்தான் தூரத்தை அளந்து கொடுத்துவிட்டதே, நிறமாலை எதற்கு?

ஒரு வாசகி, கம்மனஹள்ளி, பெங்களூரு

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி சொல்வது சரி. ஆனால் அது கையாவுக்கு முன்பே தீர்ந்த வழக்கு.

1780-ல் பிரெஞ்சு வானியலாளர் மெசியே இதைத் தன் பட்டியலில் சேர்த்தார். 2000-ல் ஒரு குழு நிறத்தையும் பிரகாசத்தையும் ஒப்பிட்டு, இது வயதான கொத்து என்றது. அதே ஆண்டில் கர்ராரோ என்ற வானியலாளர் அதே வழியில் போய், இல்லை என்றார். இத்தனை பிரகாசமான மீன்கள் தற்செயலாக இவ்வளவு நெருங்கி அமைய வாய்ப்பே குறைவு என்று 2001-ல் இன்னொரு குழு வாதிட்டது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வானம் முழுக்கத் தேடினால், அரிதான அமைப்பும் எங்காவது கிடைக்கத்தான் செய்யும்.

2002-ல் ஓடன்கிர்ஷன், சூபிரான் என்ற இரு வானியலாளர்கள் அந்தப் பகுதியின் பிரகாசமான ஆறு மீன்களின் ஒளியைத் தனித்தனியாக நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார்கள். நிறமாலையில் ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு 6563 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு) என்ற இடத்தில் விழ வேண்டும். மீன் நொடிக்கு 10 கி.மீ. வேகத்தில் விலகிப் போனால் அது வெறும் 0.22 ஆங்ஸ்ட்ராம் நகரும். அந்த நூலிழை நகர்வுதான் சாட்சி. ஒரே கொத்தில் பிறந்த மீன்களின் வேகம் பெரும்பாலும் நொடிக்கு 1 கி.மீ. அளவுக்குள் ஒத்துப்போகும். கோடுகளின் தடிமனும் பேசும்: ராட்சத மீனின் மேற்பரப்பில் அழுத்தம் குறைவு, அதனால் சில கோடுகள் மெலிந்திருக்கும். அதிலிருந்து மீனின் உண்மையான பிரகாசமும், அதன் வழியே தூரமும் கிடைக்கும். ஆறு மீன்களும் வெவ்வேறு தூரத்தில், வெவ்வேறு திசையில் போய்க்கொண்டிருந்தன.

கையாவுக்கு வருகிறேன். அது தூரத்தையும் பக்கவாட்டு நகர்வையும் அற்புதமாக அளந்தது. ஆனால் மீன் நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா என்பதை நிறமாலைதான் சொல்லும். அதற்காகக் கையாவிலேயே ஒரு நிறமாலைமானி வைத்திருந்தார்கள். 2022-ல் வெளியான தரவில் 146 கோடிக்கு மேற்பட்ட மீன்களுக்குத் தூர அளவு உண்டு. இந்த வேகமோ ஏறத்தாழ 3.3 கோடிக்குத்தான். மங்கலான மீன்களுக்கு இன்னும் தரையிலுள்ள பெரிய தொலைநோக்கிகள்தான் கதி. உங்கள் கோரமங்களாவில் இருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. லடாக்கின் ஹான்லேயில் உள்ளதை ஹொசகோட்டையிலிருந்தே இயக்குகிறார்கள்.

டெலஸ்கோப் இல்லாமலும் இதே கதையைப் பார்க்கலாம். ரோகிணி, தன்னைச் சுற்றியுள்ள விண்மீன் கொத்துக்குத் தலைமகள் போலத் தெரிவாள். கொத்து சுமார் 150 ஒளியாண்டு தள்ளி, நொடிக்கு 39 கி.மீ. வேகத்தில் விலகுகிறது. ரோகிணி இருப்பது ஏறக்குறைய 65 ஒளியாண்டில். விலகும் வேகம் நொடிக்கு 54 கி.மீ. ஆகவே அவள் அந்தக் கொத்தைச் சேர்ந்தவளே இல்லை.