உங்கள் தம்பிக்கு ஹங்கேரியைக் காட்டுங்கள்

"மக்கள் வாக்களித்து வந்தவர் எப்படிச் சர்வாதிகாரி ஆவார்?" என்று உங்கள் தம்பி மடக்குகிறார், பதில் சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து ஹிட்லரை இழுக்காதீர்கள். பேச்சு அங்கேயே முறிந்துவிடும். ஹங்கேரியைச் சொல்லுங்கள். 2010 தேர்தலில், அதன்பின் பிரதமரான விக்டர் ஓர்பானின் கூட்டணி ஏறக்குறைய 53 சதவீத வாக்குகளை வைத்தே மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பிடித்தது. அந்தப் பெரும்பான்மையை வைத்தே பிறகு புதிய அரசியலமைப்பைக் கொண்டுவந்தார்கள். நீதிபதிகளின் ஓய்வு வயதை 70-இலிருந்து 62 ஆகக் குறைத்தார்கள்; மூத்த நீதிபதிகள் கூண்டோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். பீரங்கி வரவில்லை, எல்லாம் சட்டப்படிதான் நடந்தது! 2012-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அந்த ஓய்வு வயதுக் குறைப்பு தவறு என்று தீர்ப்பளித்தபோது, காலியான நாற்காலிகள் பலவற்றில் வேறு ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். இதைச் சொல்லிவிட்டு, கோபப்படாமல் கேளுங்கள்: "நாளை நீ வெறுக்கும் கட்சிக்கு இதே அதிகாரம் கிடைத்தால் உனக்குச் சம்மதமா?"