ஒட்டுண்ணிக் குளவிக்கும் ரம்ப ஈக்கும் என்ன வித்தியாசம்?

ஒட்டுண்ணிக் குளவி இன்னொரு பூச்சியின் உடம்புக்குள்ளோ மேலேயோ முட்டையிடும். பொரித்து வரும் புழு அந்தப் பூச்சியையே தின்று தீர்க்கும். ரம்ப ஈ பெயரில்தான் ஈ, அதுவும் குளவி, தேனீ, எறும்பு வகையறாதான். ஆனால் அதன் புழுவுக்கு இலைதான் சாப்பாடு.

பார்த்ததும் தெரிவது இடுப்பு. குளவிக்கு மிக ஒடுங்கிய இடை. ரம்ப ஈக்கு அப்படி ஒடுங்கிய இடுப்பே இல்லை. நெளிகிற புழுவைக் குறிபார்த்து முட்டைக்குழாயை இறக்கக் குளவியின் வயிறு நன்றாக மடங்க வேண்டும். பட்டர்வொர்த் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் டிரெய்லர் இணைப்பில் வளைந்து திரும்பும், ஒரே சட்ட லாரிக்கு அது வராது. அதே கணக்குதான். அசையாத இலையைக் கீறி முட்டை வைக்க ரம்பப் பல் உள்ள முட்டைக்குழாயே போதும்.

தொட்டிக் கடுகுக்கீரையில் புழு இருந்தால், முன்னால் உள்ள 3 ஜோடிக் கால்களை விட்டுவிட்டு, பின்னால் உள்ள சதைக் கால்களை எண்ணுங்கள். 5 ஜோடி அல்லது குறைவு என்றால் அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிப் புழு. 6 அல்லது அதற்கு மேல் என்றால் ரம்ப ஈ. கடுகு ரம்ப ஈக்கு 8. இதைப் பார்க்காமல் கடையில் வாங்கிய பி.டி. குர்ஸ்டாகி என்ற பாக்டீரியா மருந்தை அடித்தால் காசுதான் போகும், அது ரம்ப ஈப் புழுவைக் கொல்லாது. கையால் பொறுக்குவதே நல்லது. தொட்டாலே சுருண்டு விழும்.

கேமரன் மலை முட்டைக்கோஸ் தோட்டங்களில் அந்துப்பூச்சிப் புழுவை அடக்க டயடெக்மா என்ற ஒட்டுண்ணிக் குளவியையே கொண்டுவந்து விட்டார்கள்.

புழுவின் முதுகில் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கூடுகளைப் புழுவின் முட்டை என்று பலர் நசுக்குகிறார்கள்; அவை குளவியின் கூடுகள், அப்படியே விட்டுவிடுங்கள்.