தமிழில் பூசை வந்த பிறகும் கத்தோலிக்கக் கோயிலில் லத்தீன் பாட்டு எதற்கு?

"தாய்மொழியில் பூசை வந்து இத்தனை வருஷம் ஆன பிறகும் லத்தீன் பாட்டையும் ஐரோப்பியப் பழக்கத்தையும் ஏன் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில், பங்கு முழுக்கத் தமிழ் பேசும் ஊரில் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே அது நியாயமான கேள்விதான். நான் மியான்மரில், யாங்கோனில் பிறந்து வளர்ந்து, கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவன். எங்கள் பங்கில் தமிழர், கரேன், சீனர், பர்மியர் எல்லாரும் உண்டு.

சமீபத்தில் எங்கள் பங்கில் ஒரு தமிழ்ப் பாட்டி இறந்துபோனார். மருமகள் கரேன் பெண். பேரப்பிள்ளைகளுக்கு பர்மிய மொழிதான் ஓடும். ராத்திரி துக்க வீட்டில் ஜெபமாலை. நாங்கள் தமிழில் பாடினால் சம்பந்தி வீட்டார் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கரேன் மொழியில் பாடினபோது பாட்டியின் தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பர்மிய மொழியில் பாடலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, "அக்கா சாவுக்குமா?" என்று அழுதார். அப்போது எங்கள் குழுவில் மூத்தவர் 'சால்வே ரெஜினா' என்ற லத்தீன் மாதா பாட்டை எடுத்தார். இரண்டாம் வரி வருவதற்குள் மூன்று பக்கத்துப் பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கரேன் தாத்தா ஒருவர் எங்களைவிடச் சுத்தமாகப் பாடினார். லத்தீன் அங்கே யார் வீட்டு மொழியும் இல்லை. அதனால் யாருக்கும் விட்டுக்கொடுத்த மாதிரி இல்லை.

உடனே முழுக்க லத்தீனில் நடந்த பழைய பூசையைத் திரும்பக் கேட்கிறான் என்று யாரும் கிளம்ப வேண்டாம். 2021இல் போப் பிரான்சிஸ் அதற்குப் போட்ட கட்டுப்பாட்டைப் பற்றி எனக்கு ஒரு வழக்கும் இல்லை. வாசகமும் பிரசங்கமும் மக்களுக்குப் புரியும் மொழியில்தான் இருக்க வேண்டும். ஆனால் தாய்மொழிக்கு வழிவிட்ட 1963ஆம் வருஷத்து இரண்டாம் வத்திக்கான் சங்க ஏட்டிலேயே, மக்கள் தங்களுக்குரிய பகுதிகளை லத்தீனிலும் சேர்ந்து சொல்லவோ பாடவோ தெரிந்திருக்க வழி செய்ய வேண்டும் என்று 54ஆம் பத்தியில் இருக்கிறது. 1974இல் போப் ஆறாம் பவுல், எளிய லத்தீன் பாட்டுகளைத் தொகுத்து உலகத்து ஆயர்களுக்கெல்லாம் அனுப்பினார். சங்கமே லத்தீனை ஒழித்துவிட்டது என்று சொல்கிறவர்கள் இதையும் படிக்க வேண்டும்.

ஐரோப்பியம் என்று தள்ளுவதானால் எங்கள் செயின்ட் மேரி பேராலயத்தை என்ன செய்வது? அதை வரைந்தவர் நெதர்லாந்துக்காரர் யோஸ் கைப்பர்ஸ். அது எங்கள் கோயில் இல்லை என்று ஒருவரும் சொல்வதில்லை. என் அம்மாச்சி ஒரு நோட்டில் பென்சிலால் 'தாந்தும் எர்கோ சாக்ரமெந்தும்' என்று தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்திருந்தார். இழுத்துப் பாட வேண்டிய இடத்துக்கு மேலே சின்னக் கோடு. 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ் எழுதிய பாட்டு அது. அம்மாச்சிக்கு அது வெள்ளைக்காரன் பாட்டாக இருந்ததே இல்லை, நற்கருணை ஆசீரில் தான் பாடுகிற பாட்டு, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். எங்கள் பிள்ளைகள் இன்று தமிழ்ப் பாட்டையே பர்மிய எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறார்கள். 1960களில் தனியார் பள்ளிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, தமிழ் படிக்க கோயிலை விட்டால் வேறு இடம் இங்கே அரிது. அப்படியிருந்தும் பாட வருகிற பிள்ளைகளிடம், தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவர் "இது என்ன தமிழ்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அடுத்த ஞாயிறு அவர்களில் சிலர் வரவில்லை. இங்கே வருகிறவர்கள் தயவுசெய்து அப்படிப் பேசாதீர்கள். முடிந்தால் பெரிய எழுத்தில் அச்சடித்த தமிழ்ப் பாட்டுப் புத்தகம் நாலைந்து கொண்டு வாருங்கள்.